உங்களுக்குத் தெரியுமா? சீட்டுக்கட்டுக்குள் ஒரு கணக்கு வாத்தியார்

கோச்சடையோ துவரிமானோ விளாங்குடியோ, மதுரைப் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மூலையில் ஒரு ஜமக்காளம் விரிந்துவிடும். மாமன், மச்சான், பெரியப்பா, சித்தப்பா என்று வட்டமாக உட்கார்ந்து விடியவிடிய ரம்மி. தோற்றவர் ‘சீட்டே சேரல’ என்பார். ஜெயித்தவர் ‘கை ராசி’ என்பார். இந்தச் சேராத சீட்டையும் கை ராசியையும் நூறாண்டுகளாகக் கணித மேதைகள் தீவிரமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் பிறந்த ஆட்டக் கோட்பாடு இன்று பொருளாதாரத்திலும் ராணுவ வியூகத்திலும் கணினி அறிவியலிலும் உட்கார்ந்திருக்கிறது. அதே கணக்கு, நம் பிள்ளைகளின் செல்போனுக்குள் நுழைந்த பண ஆட்டம் யாருக்கு லாபம் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. இந்தப் பக்கத்தைப் படிக்க சீட்டாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல் போதும்.

● மங்காத்தாவில் ‘உள்ளே’, ‘வெளியே’ இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஒரு சீட்டைத் திறந்து வைத்துவிட்டு மற்றதை இரண்டு பக்கமும் மாறி மாறிப் போடுகிறார்கள்; அதே எண் முதலில் விழும் பக்கம் ஜெயிக்கும். திறந்த சீட்டு போகக் கட்டில் 51 சீட்டு மிச்சம். அதே எண்ணில் 3 சீட்டு உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்த மூன்றும் உட்காரக்கூடிய இடங்கள் மொத்தம் 20,825 வகை. அதில் 10,725 வகையில் முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கமே ஜெயிக்கும். அதாவது 51.5 சதவீதம். மறுபக்கத்துக்கு 48.5.

இதைத் தெரிந்துகொண்டுதான் பல கேசினோக்களில் முதல் பக்கம் ஜெயித்தால் 100 ரூபாய்க்கு 90 மட்டும் தருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் பக்கம் கட்டினால் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 2 ரூபாய் 15 காசு போகிறது. மறுபக்கம் கட்டினால் 3 ரூபாய் போகிறது. எந்தப் பக்கம் கட்டினாலும் கடைக்காரருக்கு லாபம் உண்டு. எதில் குறைவாக இழக்கலாம் என்பது மட்டும்தான் ஆடுபவர் கையில்.

● மூணு சீட்டில் மொத்தம் 22,100 விதமான கைகள் வரலாம். அவற்றில் நான்கில் மூன்று பங்கு (16,440) ஜோடிகூட இல்லாத வெறும் கை. ஜோடி வருவது 3,744 கை. ஒரே ஜாதியாக மூன்று வருவது 1,096. வரிசை 720. மூன்றும் ஒரே எண் 52. ஒரே ஜாதியில் வரிசை 48.

கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். அரிதான கைக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது சீட்டாட்டத்தின் பொது விதி. ஆனால் நம் ஊர் மூணு சீட்டில், 52 வகையில் வரக்கூடிய மூன்று ஆஸ், மூன்று ராஜா போன்ற கைகள், 48 வகையில் மட்டுமே வரக்கூடிய ஒரே ஜாதி வரிசையைத் தோற்கடிக்கின்றன. கேசினோக்களில் ஆடும் மூன்று சீட்டுப் போக்கரில் இதைத் திருத்தி, ஒரே ஜாதி வரிசையை மேலே வைத்துவிட்டார்கள். ஐந்து சீட்டுப் போக்கரிலிருந்து வந்த வரிசை முறை இல்லை நம்முடையது; அதற்கென்று தனி மரபு இருக்கிறது. மரபு கணக்கிலிருந்து நான்கு கை தூரம் விலகி நிற்கிறது.

● 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம்? 8க்குப் பின்னால் 67 இலக்கம் வரும் ஓர் எண். நன்றாகக் கலைத்த ஒரு கட்டு, அதே வரிசையில் உலகில் இதற்கு முன் எங்கும் இருந்திருக்காது என்று தாராளமாகச் சொல்லலாம்.

● ‘நன்றாகக் கலைத்த’ என்றால்? டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1992இல் விடை சொன்னார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் ஓரத்தையும் படபடவென்று ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் கலைத்தால் 7 தடவை போதும். நம் வீடுகளில் செய்வது அது அல்ல. ஒரு கையில் கட்டைப் பிடித்து இன்னொரு கையால் கொத்துக் கொத்தாக எடுத்து மாற்றிப் போடுகிறோம். அந்த முறையில் கட்டு முழுசாகக் கலைய ஆயிரக்கணக்கான தடவை போட வேண்டும். போன கையில் சேர்ந்திருந்த வரிசைகள் இந்தக் கையிலும் பக்கத்தில் பக்கத்தில் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ‘மாப்ள, நல்லாக் கலைச்சுப் போடு’ என்று சொல்பவரிடம் நியாயம் இருக்கிறது.

● நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹேக்கிங், 1975இல் வந்த தன் நூலில் நளன் கதையைக் குறிப்பிடுகிறார். சூதில் நாட்டை இழந்த நளன், வாகுகன் என்ற பெயரில் ஒரு மன்னனுக்குத் தேரோட்டுகிறான். அந்த மன்னன் ரிதுபர்ணன். நளவெண்பா படித்தவர்களுக்கு இருதுபன்னன். வழியில் ஒரு தான்றி மரம். மன்னன் கிளைகளைப் பார்த்தே இலையும் காயும் எத்தனை என்று சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. அந்த வித்தையையும் அதோடு சேர்ந்த சூதாட்ட ரகசியத்தையும் மன்னனிடம் கற்றுக்கொண்டு, பதிலுக்குக் குதிரை வித்தையைக் கற்றுக்கொடுக்கிறான்.

கொஞ்சம் பார்த்து முழுவதையும் மதிப்பிடுவதும் சூதாட்டமும் ஒரே வித்தையின் இரண்டு பக்கம் என்று அந்தக் கதையைச் சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. மரம் தான்றியாக இருந்ததும் பொருத்தம்தான். வேத காலத்தில் சூதாட்டக் காயாக உருட்டியது தான்றிக் கொட்டையை.

● ஆட்டக் கோட்பாட்டின் அடித்தளம் 1928இல் ஜான் வான் நாய்மன் எழுதிய ஒரு கட்டுரை. ஹங்கேரியில் பிறந்தவர், பின்னாளில் கணினியின் வடிவமைப்பையே தீர்மானித்தவர். 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய பெரிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அவருக்கு முன்பே பிரான்சின் எமீல் பொரெல் 1920களில் இந்தப் பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தார்.

வான் நாய்மன் கண்டுபிடித்ததில் வியப்பானது ப்ளஃப் பற்றியது. கையில் ஒன்றும் இல்லாமல் பெரிதாகக் கட்டி எதிரியை மிரட்டி விலக வைப்பதுதான் ப்ளஃப். அது துணிச்சல்காரர்களின் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். துணிச்சலே இல்லாத ஓர் இயந்திரம் ஆடினாலும் ப்ளஃப் செய்தாக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எந்தக் கையில் செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார். நடுத்தரமான கையில் கூடாது. மிக மோசமான கையில் செய்ய வேண்டும். நடுத்தரக் கை, சீட்டைக் காட்டும்போது சில தடவை தானாகவே ஜெயிக்கும். அதைப் பணயம் வைத்து மிரட்டினால் அந்த மதிப்பு வீணாகும். மோசமான கைக்கு அப்படி இழப்பதற்கு எதுவும் இல்லை. மிரட்டல் ஒன்றுதான் அதற்கு ஜெயிக்கும் வழி.

● இதை வீட்டில் மூன்றே சீட்டு வைத்துச் சோதிக்கலாம். 1950இல் ஹெரால்ட் கூன் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய குட்டிப் போக்கர் இது. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றையும் எடுங்கள். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு ரூபாய் நடுவில். ஆளுக்கு ஒரு சீட்டு; மூன்றாவது கவிழ்ந்தே கிடக்கும். முதல் ஆள் இன்னொரு ரூபாய் கட்டலாம், அல்லது சும்மா விடலாம். அவர் கட்டினால் இரண்டாமவர் ஈடுகட்ட வேண்டும், இல்லை விலக வேண்டும். அவர் சும்மா விட்டால் இரண்டாமவர் கட்டலாம். அப்போது முதலாமவர் ஈடுகட்டவோ விலகவோ செய்யலாம். ஈடுகட்டினாலும், இருவருமே கட்டவில்லை என்றாலும் சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்; பெரிய சீட்டுக்கு வெற்றி.

இவ்வளவு சின்ன ஆட்டத்திலும் ஒழுங்காக ஆட ப்ளஃப் தேவைப்படுகிறது. முதல் ஆள் சும்மா விட்டபோது, கையில் வெறும் ஜாக்கி வைத்திருக்கும் இரண்டாமவர் மூன்றில் ஒரு தடவை துணிந்து கட்ட வேண்டும். எப்போதும் கட்டினால் மாட்டிக்கொள்வார். ஒருபோதும் கட்டாவிட்டால் அவர் கட்டும்போதெல்லாம் ராஜாதான் என்று எதிரிக்குத் தெரிந்துபோகும். ராணி வைத்திருக்கும் இரண்டாமவர், முதல் ஆள் கட்டியதும் மூன்றில் ஒரு தடவை ஈடுகட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் பிசகாமல் ஆடினால் முதலில் பேசுபவர் சராசரியாக 18 ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் இழப்பார். கடைசியில் பேசுபவர் மற்றவர் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். அந்த வசதியின் விலை அது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லித்தருபவர்கள் காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து இதை ஆட வைக்கலாம். பாடப்புத்தகத்து நாணயத்தையும் பகடையையும்விட வேகமாகப் புரியும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

● எத்தனை தடவை ப்ளஃப் செய்யலாம் என்பதற்கு ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. நீங்கள் 100 கட்டுகிறீர்கள். எதிரி 100 போட்டால் 200 கிடைக்கலாம். ஆக, நீங்கள் கட்டுவதில் மூன்றில் ஒன்று ப்ளஃப் என்றால், அவர் ஈடுகட்டினாலும் விலகினாலும் அவருக்கு ஒன்றுதான். அதைவிடக் குறைத்தால் அவர் நிம்மதியாக விலகுவார். கூட்டினால் ஒவ்வொரு தடவையும் பிடிப்பார். 50 மட்டும் கட்டினால் ப்ளஃப் பங்கு நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். சின்னப் பந்தயத்தில் பெரிய பொய் நிற்காது.

● ‘மூன்றில் ஒரு தடவை’ என்று சொல்லிவிடலாம். ஆனால் மனிதனால் அப்படித் தாறுமாறாக நடந்துகொள்ள முடியாது. நம்மை அறியாமல் ஓர் ஒழுங்கு வந்துவிடும். அதனால் சில போக்கர் வல்லுநர்கள் கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்க்கிறார்கள். முள் முதல் இருபது விநாடிக்குள் இருந்தால் ப்ளஃப், இல்லையென்றால் இல்லை.

● ஜான் நாஷ் 1950இல் பிரின்ஸ்டனில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு முப்பது பக்கம்கூடக் கிடையாது. பின்னாளில் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டுபோன ‘நாஷ் சமநிலை’ அதில்தான் இருக்கிறது. அதற்கு அவர் தந்த உதாரணம், மூன்று பேர் ஆடும் ஒரு போக்கர் ஆட்டம்.

● இந்தத் துறையில் தமிழர்களின் பெயர் கனமாகவே இருக்கிறது. நம் ஊரில் அதைச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். டி. பார்த்தசாரதியும் டி.இ.எஸ். ராகவனும் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வளர்ந்தவர்கள். இருவரும் சேர்ந்து இருவர் ஆட்டங்களைப் பற்றி எழுதிய நூல் 1971இல் அமெரிக்காவில் வெளியானது. உலகெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் கையில் இருந்த நூல் அது. ஒரு கையின் முடிவு அடுத்த கையின் நிலைமையையே மாற்றும் ஆட்டங்களைப் பற்றி இருவரும் ஆழமாக ஆராய்ந்தார்கள். பார்த்தசாரதிக்கு 1986இல் கணிதத்துக்கான பட்நாகர் விருது கிடைத்தது. ராகவன் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். கணிதம் படிக்கும் மதுரை மாணவர்கள் நாஷ் பெயரோடு இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

● யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆடும் ‘முந்நூற்றி நாலு’ கேள்விப்பட்டதுண்டா? புலம்பெயர்ந்த ஊர்களிலும் அவர்கள் விடாமல் ஆடிவருகிறார்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஆக ஒரு ஜாதிக்கு 76. நான்கு ஜாதிக்கும் சேர்த்தால் 304. ஆட்டத்தின் பெயரே அதன் மொத்தப் புள்ளி. கேட்டு எடுத்தவர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுகிறார். எதிரணி அதை ஊகிக்க வேண்டும், கூட்டாளியும் ஊகிக்க வேண்டும். எதிரிக்கு மறைத்ததைக் கூட்டாளிக்கு மட்டும் எப்படி உணர்த்துவது என்ற சிக்கல் போக்கரில் கிடையாது. இரண்டு பேர் ஆடும் போக்கரைக் கிட்டத்தட்ட தீர்த்துவிட்ட கணினிகளுக்கு, கூட்டாளி வைத்து ஆடும் ஆட்டங்கள் இன்னமும் கடினமானவை.

● ரம்மியில், ஒரே ஜாதியில் அடுத்தடுத்த மூன்று சீட்டைச் சேர்ப்பதில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கட்டு சேர்த்து ஆடுகிறோம். ஆட்டின் 5, 6 கையில் இருந்தால் 4 வந்தாலும் சேரும், 7 வந்தாலும் சேரும். உதவும் சீட்டு மொத்தம் 4. ஆட்டின் 5, 7 இருந்தால் 6 மட்டும்தான்; உதவும் சீட்டு 2. ஆசும் இரண்டும் இருந்தாலும் மூன்றுக்காக மட்டுமே காத்திருக்க வேண்டும், அதுவும் 2தான். இப்போது யாரோ ஒருவர் கீழே போட்ட ஆட்டின் 6 கண்ணில் பட்டது என்றால் 5, 7 வைத்திருப்பவருக்கு மிச்சம் ஒரே சீட்டு. ஜோக்கரை நம்பியிருந்தால் அது வேறு கதை. ஆனால் சுத்த வரிசைக்கு ஜோக்கர் உதவாது.

விழுந்த சீட்டை மனதில் வைத்திருப்பவர் மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருப்பது இதனால்தான். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஒருவர் கிளாவர் 8 கீழே போட்டால் அவரிடம் கிளாவர் 7, 9 இருக்காது என்று மற்றவர் நினைத்து அவற்றைப் பயமில்லாமல் போடுகிறார். அதை எதிர்பார்த்தே 8 போடுபவரும் உண்டு. எப்போதும் அப்படிச் செய்தால் தெரிந்துபோகும். கூனின் மூன்று சீட்டு ஆட்டத்தில் பார்த்த அதே விஷயம், பதின்மூன்று சீட்டில்.

● ‘டிராப்’ எப்போது? முதலிலேயே விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, முழுசாகத் தோற்றால் 80 வரை. இரண்டு பேர் ஆட்டத்தில் ஜெயித்தால் சராசரி 30 வரும், தோற்றால் சராசரி 50 போகும் என்று வைத்துக்கொள்வோம். ஜெயிக்கும் வாய்ப்பு 37.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆடலாம். அதற்குக் கீழே என்றால் 20ஐக் கொடுத்துவிட்டு எழுந்திருப்பதே லாபம். ‘எடுத்த கையை விடக் கூடாது’ என்ற வீம்புக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

● ரம்மி திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967இல். செகந்திராபாத்தின் கிரெசென்ட் பொழுதுபோக்கு மன்றத்தின் வழக்கு அது. விழும் சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று தீர்மானிப்பதும் திறமை என்று நீதிபதிகள் கருதினார்கள். அதே தீர்ப்பு மூணு சீட்டை முழு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியது. பலருக்குத் தெரியாத பகுதி இன்னொன்று: சீட்டாடுவதற்காக மன்றம் கட்டணம் வாங்குவதாலேயே அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது, கட்டணம் அளவு மீறினால்தான் கேள்வி என்றும் சொன்னது. ஜமக்காளத்துக்கு வாடகை வாங்கும் மூன்றாம் ஆள் அன்றைக்கே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார்.

● கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2007இல் ஒரு வழிமுறை உருவானது. கணினி தனக்குத்தானே கோடிக்கணக்கான கை ஆடும். ஒவ்வொரு கை முடிந்ததும் ‘அந்த இடத்தில் விலகாமல் கட்டியிருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும்?’ என்று வருத்தத்தை எண்ணாகக் கணக்கிடும். வருத்தம் அதிகமான தேர்வை அடுத்த தடவை சற்று அதிகமாகச் செய்யும். இப்படியே போனால் வருத்தம் சராசரியில் பூச்சியத்தை நெருங்கும். அப்போது கிடைக்கும் ஆட்டத்தை யாராலும் நீண்ட காலத்தில் தோற்கடிக்க முடியாது.

இந்த வழியில் அதே பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பௌலிங் குழு 4,800 செயலிகளை 68 நாள் ஓடவிட்டு, இரண்டு பேர் ஆடும், பந்தய அளவு வரையறுத்த போக்கரை ஏறக்குறைய முழுசாகத் தீர்த்தது. 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. நிரலின் பெயர் செஃபியஸ். சீட்டுப் போடும் இடத்தில் இருப்பவர் ஆயிரம் கைக்குச் சுமார் 88 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாகக் கட்டும் தொகை) லாபத்தில் இருப்பார் என்பதும் அதில் தெரியவந்தது. கடைசியில் பேசுவதன் மதிப்பு இங்கேயும் எண்ணாக எழுந்து நிற்கிறது.

● பந்தயத்துக்கு வரையறை இல்லாத போக்கர் இதைவிடப் பல மடங்கு பெரியது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்து கேசினோ ஒன்றில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 20 நாள் லிப்ராடஸ் என்ற கணினியோடு மோதினார்கள். 1,20,000 கை முடிவில் கணினி 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகள் முன்னிலை. பகலில் ஆடியவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து அதன் பலவீனத்தைத் தேடினார்கள். அதே இரவில் லிப்ராடஸும் தன் ஆட்டத்தின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. லிப்ராடஸை உருவாக்கியவர்கள் துவோமாஸ் சாண்ட்ஹோம், நோவாம் பிரவுன் இருவரும். 2019இல் அவர்களின் அடுத்த நிரலான புளூரிபஸ் ஆறு பேர் மேஜையிலும் ஜெயித்தது. அதைப் பழக்க ஆன கணினிச் செலவு சுமார் 150 டாலர்தான்.

● அந்த 1,20,000 என்ற எண்ணிலேயே நிற்போம். அத்தனை கை எதற்கு? உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைவிடக் கணினி மேல் என்று நிரூபிக்க அவ்வளவு தேவைப்பட்டது. குறைவான கைகளில் அதிர்ஷ்டத்தின் சத்தம் திறமையின் குரலை அமுக்கிவிடும். ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்று கேட்டால் கணக்கு திருப்பிக் கேட்பது: எத்தனை கை? ஒரு ராத்திரிக்கு அதிர்ஷ்டம். பல வருடத்துக்குத் திறமை. சிகாகோ பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸோடு சேர்ந்து 2010ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முடிவுகளை ஆராய்ந்தார். முன்பே தேர்ந்தவர்கள் என்று அடையாளம் கண்டவர்களுக்குப் போட்ட பணத்தில் 30 சதவீதத்துக்கு மேல் லாபம். மற்றவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். திறமை உண்மைதான். அந்தத் திறமைசாலிகளின் லாபம் வந்தது மற்றவர்கள் பையிலிருந்து.

● கோழிக்கோடு ஐஐஎம்மில் போக்கரை வைத்தே போட்டி வியூகம் கற்பிக்கும் பாடம் ஒன்று நடந்தது. பேராசிரியர் தீபக் தயாநிதி தொடங்கியது.

● இப்போது மூன்றாம் ஆளுக்கு வருவோம். சம திறமையுள்ள இரண்டு பேர், ஆளுக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள். ஜெயித்தவருக்கு 200 வராது. ஆட்டத்தை நடத்துபவர் 20 எடுத்துக்கொண்டு 180 தருகிறார் என்று வையுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவருக்கும் சராசரி இழப்பு 10 ரூபாய். நூறு ஆட்டத்தில் இவருக்கு 1,000 போகும், அவருக்கும் 1,000 போகும். நடத்துபவருக்கு 2,000 வரும். அவருக்கு ஒரு சீட்டுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போட்ட பணம் திரும்பவே நூற்றுக்கு 55.6 தடவை ஜெயிக்க வேண்டும். சமமான எதிரியோடு அது நடக்காது.

நடத்துபவர் ஒரு பைசா எடுக்காவிட்டாலும் இன்னொரு குழி இருக்கிறது. உங்களிடம் 1,000, எதிரியிடம் 9,000. ஒருவர் கை காலியாகும் வரை சமமாக ஆடினால் நீங்கள் முதலில் காலியாக வாய்ப்பு 90 சதவீதம். செல்போனில் எதிரே உட்கார்ந்திருந்தது ஓர் ஆள் அல்ல. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், ராத்திரி மூன்று மணிக்கும் வருவார். முடிவில்லாத பணத்தோடு சம ஆட்டம் ஆடுபவர் என்றாவது ஒருநாள் காலியாவது நிச்சயம் என்பது நிரூபித்த தேற்றம். கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் பணம் மாமன் பையிலிருந்து மச்சான் பைக்குப் போய், அடுத்த முகூர்த்தத்தில் திரும்பி வரும். செல்போனில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு ஊரைவிட்டே போனது. சட்டம் நெடுங்காலம் பெரும்பாலும் திறமையா என்றே கேட்டது. யார் எவ்வளவு எடுக்கிறார், எவ்வளவு வேகத்தில் என்று கேட்டிருந்தால் பல குடும்பங்கள் தப்பித்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

● திருக்குறளில் சூது 94ஆவது அதிகாரம். அவ்வப்போது கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலில் மாட்டிய இரையாகப் பார்க்கிறார் வள்ளுவர். எப்போது வரும் என்று தெரியாமல் இடையிடையே வரும் பரிசுதான் ஓர் உயிரை விடாப்பிடியாக அதே செயலில் கட்டிப்போடுகிறது என்பதை 1957இல் உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் இருவரும் புறாக்களை வைத்து விரிவாகப் பதிவுசெய்தார்கள்.

● ஆன்லைன் ரம்மி மீதான தமிழ்நாட்டுச் சட்டப் போராட்டத்தில் மதுரைக்குப் பங்கு உண்டு. 2020 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி பி. புகழேந்தி, ஒரு சாதாரணச் சீட்டாட்ட வழக்கை விசாரித்தபோது, பொது இடத்தில் சீட்டாடுபவரைப் பிடிக்கும் சட்டம் இணையத்தில் பணம் பறிபோவதைத் தொடாமல் இருப்பதைக் கவனித்து, அரசு முறைப்படுத்த வேண்டும் என்றார். அதே ஆண்டு நவம்பரில் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். புதிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலின் பிடியிலிருந்து விடுவித்தது. நேரமும் வயதும் போன்றவற்றை முறைப்படுத்தலாம் என்றது.

பிறகு ஆட்டத்துக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு என்ற விதி வந்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த விதியை உறுதிசெய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய கேள்வியைத் தாண்டி, ஆடுபவர் எந்த நேரத்தில், எந்த நிலையில் ஆடுகிறார் என்று சட்டம் பார்த்த இடம் இது. தூக்கம் கெட்டவன் டிராப் கணக்கைச் சரியாகப் போடமாட்டான்.

● 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரே வாரத்தில் இரு அவைகளிலும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. ஆடி இழந்தவர் குற்றவாளி அல்ல. அதனால் பணம் போனது என்று வீட்டிலும் காவல் நிலையத்திலும் சொல்ல யாரும் பயப்பட வேண்டியதில்லை. கடனும் மனச்சோர்வும் நெருக்கினால் டெலி மனஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழில் பேசலாம்.